ஐந்தாவது நீதிபதி: டேவிட் டேவிஸும் 1877 அதிபர் தேர்தல் தகராறும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1877 ஜனவரி கடைசி வாரம். தேர்தல் முடிந்து பதினோரு வாரம் ஓடியும் அமெரிக்காவின் அடுத்த அதிபர் யார் என்று தெரியவில்லை. தகராறைத் தீர்க்க 15 பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைக்க நாடாளுமன்றம் தயாரானது. குடியரசு, ஜனநாயகம் என்ற இரு கட்சிகளுக்கும் தலா ஏழு பேர் போக மிச்சம் இருந்த ஓர் இடம் உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டேவிஸுக்குத்தான் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் மசோதாவுக்கே ஆதரவு திரண்டது. செனட் மசோதாவை நிறைவேற்றிய அதே ஜனவரி 25 அன்று, இலினாய் மாநிலச் சட்டமன்றம் டேவிஸைச் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் ஆணையத்தில் இருந்து ஒதுங்கிக்கொண்டார். அடுத்த ஐந்து வாரத்தில் வந்த முக்கிய முடிவுகள் எல்லாம் எட்டுக்கு ஏழு என்றே விழுந்தன.

பொது வாழ்வில் இருந்தவர்களின் பெயர்களை மட்டும் இங்கே தருகிறேன். இலினாய் சட்டமன்றத்தில் பேரம் பேசியவர்களையும் வாக்களித்தவர்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். அவர்களில் யார் எதை நினைத்து எதைச் செய்தார்கள் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையும் இல்லை.

பின்னணி: சட்டமன்றமும் சுற்று நீதிமன்றமும்

டேவிஸ் 1815இல் மேரிலாந்தில் பிறந்தவர். ஒஹையோவில் கென்யன் கல்லூரியில் படித்து, சட்டம் பயின்று, இருபது வயதில் இலினாய் வந்து சேர்ந்தார். 1836இல் புளூமிங்டன் ஊரில் வழக்கறிஞராகக் கடை விரித்தார். அப்போது அந்தப் பக்கமெல்லாம் புல்வெளி. நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டார்; பின்னாளில் அவரைப் பெரும் பணக்காரராக்கியது வக்கீல் வருமானத்தைவிட அந்த நிலம்தான்.

1844இல், அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1847இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதக் கூடிய மாநாட்டிலும் உறுப்பினர். நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தப் புதிய அரசியல் சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டே டேவிஸ் அதே முறையில் நின்று எட்டாவது சுற்று நீதிமன்றத்தின் நீதிபதியானார். விதியை எழுதிய அவையில் உட்கார்ந்தவர், அந்த விதிப்படி வந்த முதல் நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்தார். சட்டத்துக்குப் புறம்பாக இதில் எதுவும் இல்லை. ஆனால் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே அவர் பெரிய மதில் எதையும் பார்க்கவில்லை என்பதற்கு இது முதல் அடையாளம்.

எட்டாவது சுற்று என்பது தொடக்கத்தில் 14 மாவட்டங்கள். இளவேனிலில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, நீதிபதி ஊர் ஊராகப் போய் நீதிமன்றம் நடத்த வேண்டும். கூடவே ஒரு வக்கீல் பட்டாளமும் போகும். டேவிஸ் சுமார் 140 கிலோ எடை இருந்தார். குதிரை மேல் போவது நடக்காத காரியம் என்பதால் வண்டி கட்டிக்கொண்டு சேற்றுப் பாதையில் போவார். சத்திரங்களில் வக்கீல்கள் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேராக முடங்கிக்கொள்ள, நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். அந்த வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். நீதிபதிக்கு வேறு வேலை வந்துவிட்டால், அவருக்குப் பதிலாகப் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டதும் சில நேரம் லிங்கன்தான். இன்றைக்கு இப்படி நடந்தால் பார் கவுன்சில் சும்மா விடாது. அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1860 மே மாதம் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. டேவிஸ் அப்போதும் பதவியில் இருந்த நீதிபதி. டிரீமான்ட் ஹவுஸ் ஓட்டலில் அறைகள் எடுத்து, மாநிலக் குழுக்களை ஒவ்வொன்றாகப் பேசி வளைத்து, லிங்கனுக்கு வேட்பாளர் பதவியை வாங்கிக் கொடுத்ததில் முதல் பங்கு அவருடையது. 1862 அக்டோபரில் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் பக்கம் போவதற்காக நீதிபதி கேம்பெல் விட்டுச் சென்ற இடம் அது. டிசம்பரில் செனட் ஒப்புதல் கொடுத்தது.

இரு தரப்பும் நம்பும் மனிதர் ஆனது எப்படி

லிங்கனின் ஆள் என்று வந்தவர்மேல் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு நம்பிக்கை வரக் காரணம் ஒரு தீர்ப்பு. இந்தியானாவைச் சேர்ந்த லாம்ப்டின் மில்லிகன் என்பவரை 1864இல் ராணுவம் கைது செய்தது. ராணுவ ஆணையமே விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. இந்தியானாவில் போர்முனை இல்லை. சிவில் நீதிமன்றங்கள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்க முடியாது என்று 1866இல் டேவிஸ் தீர்ப்பு எழுதினார். மில்லிகனை விடுவிக்க வேண்டும் என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். டேவிஸ் எழுதிய விரிவான காரணங்களுக்கு அவரையும் சேர்த்து ஐந்து பேரின் ஆதரவு கிடைத்தது.

போரில் தோற்ற தெற்கில் ராணுவத்தின் துணையோடு மறுசீரமைப்பு நடத்த எண்ணியிருந்த குடியரசுக் கட்சியினருக்கு இது கசந்தது. அந்தக் கட்சியின் பத்திரிகைகள் டேவிஸைக் கிழித்தன. தன்னை நியமித்த அதிபரின் ஆட்சியில் நடந்ததையே தவறு என்று சொன்னவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. லிங்கன் உயில் எழுதாமல் இறந்தபோது குடும்பம் கூப்பிட்டதும் போய், அவருடைய சொத்தை நிர்வகித்து, 1867இல் சுமார் 1,10,000 டாலராக மனைவியிடமும் இரண்டு மகன்களிடமும் ஒப்படைத்தவரும் இதே டேவிஸ். அதற்காகக் கூலி வாங்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து ‘நேர்மையானவர், யாருக்கும் கட்டுப்படாதவர்’ என்ற படத்தை வரைந்தன.

சரி, படத்தின் மறுபக்கமும் யார் கண்ணிலும் படாமல் இல்லை. 1872 பிப்ரவரியில் தொழிலாளர் சீர்திருத்தக் கட்சி என்ற சிறிய கட்சி அவரை அதிபர் வேட்பாளராக அறிவித்தது. டேவிஸ் நீதிபதிப் பதவியை விடவில்லை. வேண்டாம் என்று உடனே மறுக்கவும் இல்லை. மே மாதம் சின்சினாட்டியில் கூடிய அதிருப்திக் குடியரசுக் கட்சியினரின் மாநாட்டில் அவருடைய ஆட்கள் தீவிரமாக வேலை பார்த்தார்கள். அங்கே வாய்ப்பு கைநழுவிய பிறகுதான் தொழிலாளர் கட்சியின் அழைப்பிலிருந்தும் விலகினார். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே அரசியல் வாசலை எட்டிப் பார்ப்பவர் என்பது 1872லேயே பதிவாகிவிட்டது. 1877இல் ஆணையத்தை வடிவமைத்தவர்கள் அவருடைய மில்லிகன் தீர்ப்பை நினைவில் வைத்திருந்தார்கள், சின்சினாட்டியை மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1876 நவம்பர் முதல் 1877 ஜனவரி வரை: கண்முன் இருந்தவை

1876 நவம்பர் 7 அன்று தேர்தல். ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் முன்னால் நின்றார். ஆனால் அதிபரை முடிவு செய்வது ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்கு. அந்தத் தேர்வாளர் வாக்குகளில் தகராறு இல்லாமல் அவருக்கு 184. வெற்றிக்குத் தேவை 185. குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கு 165. மிச்சம் 20 வாக்குகள்: லூசியானா 8, தென் கரோலினா 7, புளோரிடா 4, ஆரிகன் 1. இந்த மாநிலங்களில் இருந்து இரு தரப்பும் தனித்தனிச் சான்றிதழ்களை அனுப்பியிருந்தன. டில்டனுக்கு இருபதில் ஒன்று போதும். ஹேய்ஸுக்கு இருபதும் வேண்டும்.

செனட் தலைவர் எல்லாச் சான்றிதழ்களையும் இரு அவைகளின் முன்னிலையில் திறப்பார், பிறகு வாக்குகள் எண்ணப்படும் என்பதோடு அரசியல் சட்டம் நின்றுவிடுகிறது. ஒரே மாநிலத்தில் இருந்து இரண்டு சான்றிதழ் வந்தால் எதை எண்ணுவது, யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. செனட் குடியரசுக் கட்சியின் கையில், பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கையில். எந்த அவை முடிவெடுத்தாலும் விடை முன்கூட்டியே தெரிந்த கதைதான். மார்ச் 4 அன்று அதிபர் கிராண்டின் காலம் முடிகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை; துப்பாக்கி பற்றிய பேச்சு வெறும் வாய்ச்சவடால் என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை.

இதே நேரத்தில் இலினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் வேறொரு கூத்து. அக்காலத்தில் செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. பதவியில் இருந்த குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் லோகனுக்கு மறுபடியும் வாய்ப்பு வேண்டும். ஆனால் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. சில சுயேச்சைகள் கையில் சாவி. சுற்றுக்கு மேல் சுற்றாக வாக்கெடுப்பு நடந்தும் முடிவு வரவில்லை. சுயேச்சைகள் முன்வைத்த பெயர் டேவிட் டேவிஸ். வாஷிங்டனிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் இவர் பெயர் எழுந்ததற்குக் காரணம் ஒன்றே: எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லாதவர். ஓர் இடத்தில் அது நடுவர் ஆவதற்கான தகுதி. இன்னோர் இடத்தில் இழுபறியை முடிக்கும் வேட்பாளர் ஆவதற்கான தகுதி.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

*ஆணையத்தின் வடிவம்.* இரு அவைகளின் கூட்டுக் குழு பல ஏற்பாடுகளைப் பேசிப் பார்த்தது. நீதிபதிகளில் ஒருவரைக் குலுக்கல் முறையில் கழித்துவிடலாம் என்ற யோசனைகூட வந்தது. டில்டனுக்கு அது பிடிக்கவில்லை, கைவிட்டார்கள். கடைசியில் செனட்டில் இருந்து ஐவர் (மூன்று குடியரசு, இரண்டு ஜனநாயகம்), சபையில் இருந்து ஐவர் (மூன்று ஜனநாயகம், இரண்டு குடியரசு), உச்ச நீதிமன்றத்தில் இருந்து ஐவர் என்று ஒத்துக்கொண்டார்கள். நீதிபதிகளில் நால்வரைச் சட்டமே அவர்கள் பொறுப்பில் இருந்த வட்டாரத்தைச் சொல்லிக் குறித்தது. இரண்டு பேர் ஜனநாயகக் கட்சிச் சார்பு, இரண்டு பேர் குடியரசுக் கட்சிச் சார்பு. ஐந்தாவது நீதிபதியை இந்த நால்வரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

டேவிஸ் பெயர் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு நீதிபதியின் பெயரைச் சட்டத்தில் எழுதி ‘இவர்தான் நடுவர்’ என்று சொல்வது அழகாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அழகு பார்த்ததில் அடிப்படைக் கணக்கு விட்டுப்போனது. அன்றைய உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது பேரில் ஜனநாயகக் கட்சிச் சார்புடையவர்கள் இரண்டே பேர். இருவரும் முதல் நால்வரில் ஏற்கெனவே அடக்கம். டேவிஸ் இல்லையென்றால் மிச்சம் இருக்கும் நால்வரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மாற்று ஏற்பாடு ஒன்றை யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

*ஸ்பிரிங்ஃபீல்டின் முடிவு.* ஜனவரி 25 அன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் வேட்பாளரை விட்டுவிட்டுச் சுயேச்சைகளோடு சேர்ந்து டேவிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பார்வையில் இது லாபக் கணக்கு: லோகன் வெளியே, குடியரசுக் கட்சிக்கு ஓர் இடம் குறைவு. டேவிஸை நன்றிக்கடன் பட்டவராக்கி ஆணையத்தில் டில்டன் பக்கம் இழுக்கச் செய்த சதி என்று பின்னாளில் ஒரு கதை கிளம்பியது. ஸ்பிரிங்ஃபீல்டின் உள்ளூர்க் கணக்கே நடந்ததை விளக்கப் போதுமானதாக இருக்கிறது. ஓர் ஊரில் நடப்பது இன்னோர் ஊரில் என்ன செய்யும் என்று கேட்க ஆளில்லாமல் போனதற்குச் சதி தேவையில்லை.

*சபையின் முடிவு.* செனட் 25ஆம் தேதி 47க்கு 17 என்று மசோதாவை நிறைவேற்றியது. மறுநாள் சபையில் 191க்கு 86. ஜனநாயகக் கட்சியினர் பெருவாரியாக ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். தந்தி இருந்த காலம் அது. இலினாய் செய்தி சபை வாக்களிப்பதற்கு முன்பே வாஷிங்டனை எட்டக்கூடியது. இருந்தும் வண்டி நிற்கவில்லை. இந்த நிகழ்வில் திரும்பிப் போக வழி இருந்த கடைசி இடம் இதுதான்.

*டேவிஸின் முடிவு.* செனட் பதவிக்காலம் மார்ச் 4 அன்றுதான் தொடங்கும். அதுவரை அவர் நீதிபதிதான். ஆணையத்தில் உட்காரச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆனாலும் மறுத்துவிட்டார். ஒரு கட்சியின் வாக்குகளால் செனட்டுக்குப் போகிறவர், அந்தக் கட்சியின் வேட்பாளர் அதிபர் ஆவாரா என்று தீர்மானிப்பது சரியாக இருக்காது என்பது நியாயமான காரணம். நாட்டிலேயே மிகச் சங்கடமான நாற்காலியில் இருந்து தப்ப ஒரு வழி கிடைத்தது என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். செனட் பதவியை மறுத்துவிட்டு ஆணையத்தில் அமர்ந்திருக்கலாமே என்று அவர்மேல் குறை சொல்பவர்கள் உண்டு. நான் பாதி மட்டும் ஒத்துக்கொள்வேன். அவர் ஏற்காத ஒரு கடமையில் இருந்து அவர் ஓடிப்போனதாகச் சொல்ல முடியாது; எல்லோரும் அவரை நினைத்துத்தான் திட்டம் போட்டார்களே தவிர, அவர் வாக்குக் கொடுத்து அதை மீறவில்லை. அதேசமயம், ஆணையத்துக்குத் தன் பெயர் அடிபடுகிறது என்று தெரிந்தும் ஸ்பிரிங்ஃபீல்டில் தன் பெயரைச் சுற்றவிட்டது 1872இன் மறுபதிப்பு.

பின் நடந்தது

ஜனவரி 29 அன்று கிராண்ட் கையெழுத்திட்டார். நான்கு நீதிபதிகளும் ஐந்தாவதாக ஜோசப் பிராட்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராண்ட் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். மிச்சம் இருந்தவர்களில் சார்பு குறைந்தவர் என்று கருதப்பட்டார். ஆணையம் நாடாளுமன்றக் கட்டடத்தில் உச்ச நீதிமன்றம் கூடும் அறையிலேயே அமர்ந்தது.

முதல் வழக்கு புளோரிடா. மாநில அதிகாரிகள் தந்த சான்றிதழுக்குப் பின்னால் போய், வாக்குகள் எப்படி எண்ணப்பட்டன என்று சாட்சியம் கேட்கலாமா கூடாதா என்பதே கேள்வி. பிப்ரவரி 7 அன்று எட்டுக்கு ஏழு: கேட்கக் கூடாது. அந்த ஒரு விடையிலேயே மீதிக் கதையின் போக்கு தெரிந்துவிட்டது. 16ஆம் தேதி லூசியானா, பிறகு ஆரிகன், தென் கரோலினா, ஒவ்வொன்றும் அதே கோட்டில் பிரிந்து 20 வாக்கும் ஹேய்ஸுக்குப் போயின. இரு அவைகளும் சேர்ந்து மறுத்தால் மட்டுமே ஆணையத்தின் முடிவு செல்லாது என்று சட்டம் சொன்னதால், ஜனநாயகக் கட்சியின் சபை ஒன்றும் செய்ய முடியவில்லை. மார்ச் 2 விடியற்காலையில் 185க்கு 184 என்று அறிவித்தார்கள்.

பழி முழுவதும் பிராட்லி தலையில் விழுந்தது. புளோரிடா வழக்கில் இரவோடு இரவாக யாரோ வந்து அவர் மனத்தை மாற்றினார்கள் என்று ஒரு நியூயார்க் பத்திரிகை எழுத, அவர் பொதுவெளியில் மறுப்பு எழுத வேண்டி வந்தது. டேவிஸ் உட்கார்ந்திருந்தால் டில்டன் அதிபர் ஆகியிருப்பார் என்று எளிதாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சான்றிதழுக்குப் பின்னால் போகக் கூடாது என்பது சட்டப்படி வலுவான வாதம். டேவிஸும் அதை ஏற்றிருக்கக்கூடும். ஆனால் அப்படி ஏற்றிருந்தால் தோற்றவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது நீதிபதியின் வேலையில் பாதி, தோற்ற தரப்பை வாய்மூட வைப்பதுதானே.

ஹேய்ஸ் ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா தலைநகரங்களில் அரசு மாளிகைகளைக் காத்து நின்ற ராணுவத்தை விலக்கினார். அந்த மாநிலங்களின் குடியரசுக் கட்சி அரசுகள் விழுந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் தெற்கின் கறுப்பின மக்கள் வாக்குரிமையைக் கையில் வைத்திருக்க முடியாமல் போனதற்கு இது ஒரு பெரிய திருப்பம். ஆணையத்தில் வாதாடியவர்கள் பேச்சில் சான்றிதழ்கள் நிறைய வந்தன. அந்த வாக்காளர்கள் குறைவாகவே வந்தார்கள்.

டேவிஸ் மார்ச் 4 அன்று நீதிபதிப் பதவியை விட்டுச் செனட்டுக்குப் போனார். எந்தக் கட்சியிலும் சேரவில்லை. 1881இல் செனட் 37க்கு 37 என்று சமமாகப் பிளந்து நின்றபோது, இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராமல் மிச்சம் இருந்த இருவரில் ஒருவர் இவர். அந்த ஆண்டு செப்டம்பரில் அதிபர் கார்ஃபீல்டு இறந்து, துணை அதிபர் ஆர்தர் அதிபரானார். அப்போதைய சட்டப்படி அடுத்த வரிசையில் இருக்க வேண்டியவர் செனட்டின் தற்காலிகத் தலைவர். அக்டோபர் 13 அன்று அந்த இடத்துக்கு டேவிஸைத் தேர்ந்தெடுத்தார்கள், இந்த முறை குடியரசுக் கட்சியின் ஆதரவில். 1883 மார்ச் வரை, எந்தக் கட்சியும் இல்லாத ஒருவர் அதிபர் பதவிக்கு ஓர் உயிர் தொலைவில் இருந்தார். பிறகு புளூமிங்டன் திரும்பி 1886 ஜூனில் இறந்தார்.

செனட்டில் அவர் செய்த உருப்படியான வேலை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் மலையாகக் குவிவதை உள்ளிருந்து பார்த்தவர் என்பதால், இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு மசோதா கொண்டுவந்தார். 1882இல் செனட்டில் நிறைவேறி, சபையில் தூங்கியது. அந்த யோசனை சட்டமானது 1891இல்.

எதை மாற்றலாம், எது மாறியது

நடுவர் குழுவை ஒரு குறிப்பிட்ட மனிதரை நினைத்து அமைப்பதாக இருந்தால், அவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வைக்க வேண்டும். வர முடியாவிட்டால் அடுத்தவர் யார், அவரும் இல்லாவிட்டால் யார் என்று இரு தரப்பும் சண்டைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 1877 சட்டத்தில் எளிதாகச் சேர்த்திருக்கக்கூடிய இன்னொரு வரி: ஆணைய வேலை முடியும்வரை அதன் உறுப்பினரோ, உறுப்பினர் ஆகத் தகுதியுள்ள நீதிபதியோ வேறு பதவியை ஏற்கக் கூடாது. டேவிஸ் செனட்டை விரும்பினாரா ஆணையத்தை விரும்பினாரா என்பது அப்போது ஒரு வாரத்துக்கு முன்பே வெளியே வந்திருக்கும்.

நீதிபதிகளைக் கட்சிக் கணக்கில் இரண்டு இரண்டாக எடுத்தது அதைவிடப் பெரிய பிழை என்று நினைக்கிறேன். கட்சிச் சார்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம் அப்புறம் சார்பின்மையை எதிர்பார்த்தார்கள். எட்டுக்கு ஏழு என்பது அந்த வடிவமைப்பின் இயல்பான விளைவு.

நாடாளுமன்றம் பாடம் படிக்கப் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டது. 1887 பிப்ரவரியில் வந்த தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சட்டம், தகராறுகளைத் தீர்க்கும் முதல் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது. நீதிபதிகள் உட்காரும் ஆணையம் என்ற பேச்சே அதில் இல்லை. அந்தச் சட்டத்தின் குழப்பமான நடை 2020 தேர்தலுக்குப் பிறகு மறுபடி தலைவலியானது. 2022 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள்: எண்ணிக்கையில் துணை அதிபரின் பங்கு வெறும் சம்பிரதாயம் என்று தெளிவாக்கி, ஆட்சேபம் எழுப்ப ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றார்கள். ஒரு மாநிலத்தின் சான்றிதழை வேட்பாளர் எதிர்த்தால் அதை விரைவாக விசாரிக்க மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. நீதிபதிகள் திரும்பி வந்திருக்கிறார்கள், ஆனால் இந்த முறை நாடாளுமன்ற உறுப்பினர்களோடு ஒரே மேசையில் உட்காரவில்லை.